குளிகை தரும் துணிவு வேண்டாம்!

கல்வியே நமது முதல், கல்வியே நமது காணி என்று வாழ்ந்த இனம் நம்மினம். அக்கல்விக்கூடங்களின் வாசலிலே இன்று புதியதொரு கேடு வந்து நிற்கின்றது. கசிப்பும் கஞ்சாவுமே போதை என்றிருந்த காலம் போய், நோயாளிக்கு வைத்தியர் எழுதும் குளிகையே போதையாகும் காலம் வந்துள்ளது.

வலிப்புக்கும் நரம்பு நோவுக்கும் உரிய பிரெகபாலின் குளிகைகளோடு இளைஞர் கைதான செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கின்றோம். கவனக்குறைபாடுள்ள சிறுவர்க்குரிய மெதில்பெனிடேற்றைப் பரீட்சைக்குக் கண்விழிக்க விழுங்கும் வழக்கம் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. இவை அறிவை வளர்ப்பன அல்ல. ஒன்று அச்சத்தை மழுக்கும்; மற்றது உறக்கத்தைக் கெடுக்கும். கற்றதை மனத்தில் நிலைநிறுத்துவதே உறக்கமன்றோ? பிரெகபாலினோடு மதுவும் சேருமாயின் மூச்சே தளர்ந்துபோகக்கூடும். பழகியவர் திடீரென நிறுத்தினாலும் துன்பமே. அவருக்கு வேண்டுவது வைத்தியரின் துணை.

“குப்பி விளக்கில் படித்து நாம் முன்னுக்கு வரவில்லையா? இந்தப் பிள்ளைகளுக்கு என்ன குறை?” என்று கேட்போர் உளர். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போன பின்னரும் நம் பிள்ளைகள் கற்றனர் என்பது மெய்யே. ஆனால் அவர்கள் தனித்துக் கற்கவில்லை. ஒரு விளக்கைச் சுற்றி நால்வர் இருந்தனர்; ஒருவர் துயரை ஊரே அறிந்திருந்தது. இன்றைய மாணவனுக்கோ தனியறையும் மின்விளக்கும் உண்டு; தோல்வியைச் சொல்லி அழ ஓர் ஆள் இல்லை. இடரிலிருந்து மீண்டெழும் ஆற்றல் தனியொருவனின் நெஞ்சுரம் மட்டுமன்று. அவனைச் சூழ்ந்தோர் கொடுக்கும் தாங்குதலுமாகும்.

1970களில் தரப்படுத்தல் வந்த நாள்முதல் ஒரு புள்ளியே வாழ்வென்று நம் வீடுகள் அஞ்சிப் பழகிவிட்டன. அநீதியை எதிர்த்தது நியாயம். ஆயின் அந்த அச்சத்தைப் பிள்ளையின் தலையில் இறக்கி வைத்தது நியாயமாகாது. வாடிய பயிருக்கு மேலும் மேலும் உரம் கொட்டும் கமக்காரன் உண்டா? அவன் வேரைப் பார்ப்பான், நீரைப் பார்ப்பான். நாமோ பெறுபேற்றை மட்டும் பார்க்கின்றோம்.

ஆகவே நாம் கூறுவது இதுதான். வைத்தியரின் துண்டின்றிக் கொடுக்கக்கூடாத குளிகையைத் துண்டின்றி விற்கும் மருந்துக்கடைக்காரர் வியாபாரியல்லர்; சமூகத் துரோகியே. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்துச் சட்டம் ஏட்டோடு நில்லாது கடைவாசல் வரை வரவேண்டும். பகிடிவதையைத் தடுக்க 1998இல் இயற்றிய சட்டமும் அவ்வாறே. பல்கலைக்கழகங்கள், உளவளத்துணை தேடி வரும் மாணவனைக் குற்றவாளியாக எண்ணாது, இரகசியங் காத்து அவனுக்கு உதவவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் எழுதப்படட்டும்.

யாவற்றிற்கும் மேலாக, பெற்றோரே, விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் முதலில் புள்ளியைக் கேளாதீர்கள். உறங்கினாயா, உண்டாயா என்று கேளுங்கள். ஒரு பாடத்தில் தவறியவன் அடுத்த ஆண்டு சித்தியடையலாம். தவறியதை வீட்டில் சொல்ல அஞ்சிக் குளிகையை நாடியவனை மீட்க எத்தனை ஆண்டு செல்லுமோ!

போரில் நாம் இழந்த பிள்ளைகள் போதும். எஞ்சியோரை மருந்துக்கடை மேசையில் இழக்க நாம் சம்மதியோம்.