ஓதம் ஏறிய சுவரும் குழந்தையின் சுவாசமும்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சமூக வாடகைக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுப் பாலகன் 2020 டிசம்பரில் மாண்டதற்கு, அவ்வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சையின் நடுவே நெடுங்காலம் சுவாசித்து வந்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். பூஞ்சையைப் பற்றித் தந்தை 2017-லேயே முறையிட்டபோது, அதன்மேல் வர்ணம் பூசிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

வர்ணம் கறையை மறைக்குமேயன்றி ஓதத்தைப் போக்காது. காற்றோட்டமற்ற குளியலறையிலும் சமையலறையிலும் நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து ஈரமாகத் தங்கும்வரை, பூஞ்சை மீண்டும் மீண்டும் முளைத்துத் தன் நுண்வித்துக்களைக் காற்றில் பரப்பிக்கொண்டேயிருக்கும். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட மிகுதியான காற்றை உட்கொள்வதும், சுவாசகோசம் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதும், பொழுதின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே கழிப்பதுமான இளங்குழந்தைகளுக்கே, இருமல், இழைப்பு, ஆஸ்துமா முதலிய உபத்திரவங்கள் அதிகம் நேர்கின்றன.

ஓதத்துக்குக் குடியிருப்போரின் பழக்கவழக்கங்களையே குறைகூறித் தப்பித்துக்கொள்வது தர்மமாகாது. ஒழுகும் குழாயையும், காற்று வெளியேற்றும் வழியற்ற கட்டடத்தையும் செப்பனிடும் அதிகாரம் வாடகை பெறுவோரிடமே இருக்கிறது.

அவாபின் பெயரால் வழங்கும் சட்டம் 2025 அக்டோபர் முதல் அமலுக்கு வந்து, சமூகக் குடியிருப்புகளில் அவசர அபாயங்களை 24 மணி நேரத்துக்குள் கவனிக்கப் பணிக்கிறது. தனியார் வாடகை வீடுகளில் வாழும் குழந்தைகளுக்கும் இப்பாதுகாப்பைத் தாமதமின்றி அளிப்பதே நியாயமாகும்.