'குவோ வாதிஸ்?'



வாலிபர் முகாம்களின் பதாகைகளில் 'குவோ வாதிஸ்' என்னும் இலத்தீன் தொடரை நீங்கள் கண்டிருக்கலாம். 'வாலிபனே, நீ எங்கே போகிறாய்?' என்று அதற்குப் பொருள் கூறுவர். இலக்கணப்படி பிழையில்லை. ஆயினும் அந்தக் கேள்வியை நாம் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்பதே என் எண்ணம்.

இதன் வினைச்சொல் 'வாதெரே'. பண்டை இலத்தீனில் சாதாரணமாகப் போவதற்கு 'ஈரே' என்னும் வேறு சொல் இருந்தது. 'வாதெரே' விரைந்தும் துணிந்தும் முன்செல்லுதலைக் குறித்தது. ஆற்றை நடந்தே கடக்கத்தக்க ஆழமற்ற துறைக்கு 'வாதும்' என்று பெயர். நீரில் இறங்கி நடப்பதைச் சொல்லும் ஆங்கில 'வேட்' என்பதும் இதே வேரினது. முழங்காலளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அக்கரை சேருகிறவனின் நடை இச்சொல்லுக்குள் இருக்கிறது. பிற்காலத்தில் 'ஈரே'யின் குறுகிய வடிவங்கள் பலவற்றின் இடத்தைப் பொதுமக்கள் பேச்சில் இதுவே பிடித்துக்கொண்டது. அதனால்தான் இன்றும் பிரெஞ்சு மொழியில் 'வா' என்றால் 'போ' என்று பொருள்!

ஜெரோம் செம்மைப்படுத்திய இலத்தீன் சுவிசேஷங்களில், பரிசேயன் வீட்டில் அழுத பெண்ணைச் சமாதானத்தோடே அனுப்பும் சொல் 'வாதே'. சிலுவைக்குக் குறுக்கே நின்ற பேதுருவைப் பின்னே போகச் சொல்லுவதும் அதே 'வாதே'. அந்தப் பேதுருதான் கடைசி இராப்போஜனத்தன்று, 'தோமினே', அதாவது 'ஆண்டவரே' என்று விளித்து, 'குவோ வாதிஸ்' என்று கேட்கிறான் (யோவான் 13:36). ஆனால் 16:5இல், ஒருவனும் அப்படித் தம்மைக் கேட்கவில்லை என்கிறார் ஆண்டவர். இவ்விரண்டையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். பேதுரு கேட்டது பிரிவைத் தாங்காமல். அவர் போகும் வழியை அறியும்படியல்ல என்றே நான் கொள்ளுகிறேன்.

2ஆம் நூற்றாண்டில் எழுந்த 'பேதுருவின் நடபடிகள்' வேதாகமத்தில் சேராத நூல். உபத்திரவத்துக்குத் தப்பி ரோமாபுரியை விட்டு வெளியேறும் பேதுரு, நகருக்குள் வரும் ஆண்டவரைச் சந்தித்து அதே கேள்வியைக் கேட்கிறான். மறுபடியும் சிலுவையில் அறையப்படப் போகிறேன் என்பது பதில். பேதுரு திரும்பிப்போகிறான். தப்பி வெளியேறுதலுக்கு 'ஏவாதெரே', உட்புகுதலுக்கு 'இன்வாதெரே' என்று இலத்தீன் ஒரே வினையிலிருந்து இரு சொற்களை ஆக்கியிருக்கிறது. அன்று அந்தச் சாலையில் அவ்விரண்டும் எதிரெதிரே வந்தன.

சுவிசேஷத்திலும் சரி, இக்கதையிலும் சரி, கேட்கிறவன் மனிதன், கேட்கப்படுகிறவர் ஆண்டவர். அடுத்த முகாமுக்குப் பதாகை எழுதுகிற தம்பிமார் 'தோமினே' என்பதை விட்டுவிடாதிருப்பார்களாக. இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள்.