வீட்டுக்கல்வியில் மகளின் பங்கு எங்கே?



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. ஆறாண்டுகளாக மூன்று பிள்ளைகளோடு இப்பாதையில் நடக்கிறோம். பாதை தவறென்று இன்றும் நான் கருதவில்லை. எனினும் இதில் நடப்போரிடம் நான் காணும் ஒரு குறையை, முதலில் என்னிடமே கண்ட குறையை, இனியும் மூடி வைப்பது நேர்மையாகாது.

அன்றன்று பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பதை நாம் எழுதி வைப்பதில்லை. எழுதாத நாள் எவருக்கும் கணக்குக் காட்டாது. கணக்கில்லாத வீட்டில் முதலில் குறைவது மகளின் பங்கே.

கடையிலிருந்து வந்த பாடம்

முதல் இரண்டாண்டுகள் எங்கள் வீட்டில் அட்டவணையும் இல்லை, குறிப்பேடும் இல்லை. சுபுஹுக்குப் பின் குர்ஆன் ஓதுவது மட்டும் ஒழுங்காக நடந்தது. மற்றப் பாடங்கள் நேரம் வாய்த்தபோது நடந்தன. பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன். அதை நானும் நம்பினேன்.

என் வாப்பா நாற்பதாண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். எங்கள் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தபோது, "புள்ளைங்க இந்த மாசம் எத்தனை கணக்குப் பாடம் முடிச்சிருக்குதும்மா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை. "சிட்டை எழுதாத கடையில யாரு எடுத்துட்டுப் போனான்னு தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு நாளும் எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தைப் படித்தது என்பதை இஷாவுக்குப் பின் எழுதத் தொடங்கினேன். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தேன். பாடம் நடந்த நாட்கள் 60. அவற்றுள் மகன் கணக்குப் போட்ட நாட்கள் 51. அவனைவிட இரண்டு வயது இளைய மகள் கணக்குப் போட்ட நாட்கள் 22.

அவளை அழைத்துக் கேட்டேன். "அன்னைக்கெல்லாம் நான் தம்பியப் பாத்துக்கிட்டிருந்தேன்ல, உம்மா" என்றாள். முறையிடும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. நான் மறந்துவிட்ட ஒன்றை நினைவூட்டுபவள் போலச் சொன்னாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

அவளைப் படிக்க வேண்டாமென்று எவரும் சொன்னதில்லை. குழந்தையைச் சற்றுப் பிடி, உலை கொதிக்கிறதா பார், இந்த வெங்காயத்தை உரித்துவிடு என ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை. அவ்வேலைகளுக்கு மகனை அழைக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை. அவன் புத்தகத்தோடு அமர்ந்திருந்தால் படிப்பதாகவும், அவள் அமர்ந்திருந்தால் கைவேலையின்றி இருப்பதாகவும் என் கண்ணுக்குப் பட்டது. பள்ளியில் இருந்திருந்தால் அந்நேரத்தில் அவளை நான் அழைத்திருக்க முடியாது. பள்ளியின் மதிற்சுவர் அவளுக்குத் தந்த பாதுகாப்பை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாக நான் எதையும் எழுப்பவில்லை.

நேரமும் ஓர் அன்பளிப்பே

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் பிள்ளைகளுள் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைத் தந்து, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்த செய்தியை நாம் அறிவோம். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லையென அறிந்ததும் அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்து, பிள்ளைகளிடையே நீதியைக் கடைப்பிடிக்குமாறு பணித்தார்கள். இந்த நபிமொழியைச் சொத்துப் பங்கீட்டின்போதும், பெருநாளுக்குத் துணி எடுக்கும்போதும் நினைவுகூர்கிறோம். கற்கும் நேரம் ஒரு பிள்ளைக்கு நாம் தரும் மிகப்பெரிய அன்பளிப்பு அன்றோ? அதில் 51-க்கு 22 என்ற பங்கீட்டுக்கு நபியவர்கள் சாட்சியாக நிற்பார்களா?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, கடன் சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதி வைக்குமாறு கட்டளையிடுகிறது. நம்பிக்கைக்குரிய இருவரிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலுக்கே எழுத்து வேண்டும் என்றால், வாய் திறந்து கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நாம் பட்டிருக்கும் கடனை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம் என்பது எவ்வகை நியாயம்?

கடனின் அளவையும் சற்று நோக்குவோம். 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணிகளும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 நாட்களும் 1000 மணிகளும் வேண்டும் என்கிறது. அச்சட்டத்தில் வீட்டுக்கல்விக்கெனத் தனி இடம் வகுக்கப்படவில்லை. ஆயினும் பள்ளிக்கு மாற்றாக வீட்டை நிறுத்துவோர் பள்ளியின் அளவுகோலை அறிந்திருத்தல் கடமை. வாரத்தில் ஒரே ஒரு நாள் பாடமின்றிப் போனால் ஆண்டுக்கு 52 நாட்கள். 200 நாட்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். எழுதி வைக்காத வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாட்கள் போகின்றன என்பதை யார் அறிவார்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை எட்டு வயதில் பள்ளியிலிருந்து நின்றவள். 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம் என்று கேள்விப்பட்டு ஆவலோடு பாடநூல்களை வாங்கினாள். தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. வீட்டிலிருந்து எழுதித் தரும் ஒப்படைகளுக்கே 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு. வாய்ப்புகள் எல்லாம் அவளுக்குத் திறந்தே இருந்தன. ஆனால் அவளுக்குப் பின்னங்களைக் கூட்டத் தெரியவில்லை. ஆறாண்டு வீட்டுக்கல்வியில் அவள் சமைக்கவும் தைக்கவும் மூன்று குழந்தைகளை வளர்க்கவும் கற்றிருந்தாள். அவளுடைய அண்ணன் அதே வீட்டிலிருந்து அதே தேர்வில் தேறியவன். ஒரே கூரை, ஒரே உம்மா, ஒரே நூல்கள். வேறுபாடு எங்கிருந்து வந்தது?

நாம் சொல்லும் சாக்குகள்

"அட்டவணையிலிருந்து தப்பிக்கத்தானே பள்ளியை விட்டோம், வாழ்க்கையே பாடம்" என்பது முதல் சாக்கு. மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் அமரும் முறையை நானும் விரும்பவில்லை. ஆனால் நேரம் குறித்துக் கடமையாக்கப்பட்ட ஐவேளைத் தொழுகையால் நாளையே ஐந்தாகப் பகுத்து வாழும் சமுதாயம், ஒழுங்கு விடுதலைக்குப் பகை என்று சொல்வது விந்தை. வாழ்க்கை பாடம்தான், ஆனால் அண்ணனுக்கு அறிவியலையும் தங்கைக்கு அடுப்படியையும் மட்டுமே அது கற்பிக்குமாயின், அப்பாடத்தை வகுத்தவர்கள் நாமே.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பது இரண்டாவது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாகத் திர்மிதீயில் வரும் செய்தியை மேடைதோறும் கேட்கிறோம். கட்டாத ஒட்டகத்துக்குத் தவக்குல் என்று பெயரிடுவது நம் சோம்பலுக்கு மார்க்கச் சாயம் பூசுவதாகும்.

"பெண்பிள்ளை வீட்டு வேலை பழக வேண்டாமா?" என்பது மூன்றாவது, இதுவே வலுவானது. பழக வேண்டும். ஆண்பிள்ளையும் பழக வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. வீட்டு வேலை கல்வி என்றால் மகனுக்கும் அது கல்வியே. மகளுக்கு மட்டும் உரிய கல்வி என்றால், அவளுடைய கணக்குப் பாட நேரத்திலிருந்து அதை எடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டு ஒழுங்கு

குறை சொல்லிவிட்டு வழி சொல்லாமல் விடுவது முறையன்று. நாங்கள் செய்வது மிக எளியது.

இரவில், உறங்கும் முன், ஒவ்வொரு பிள்ளையின் துணிப்பையிலும் மறுநாளுக்குரிய நூல்களையும் நோட்டுகளையும் சீவிய பென்சிலையும் வைத்துவிடுகிறோம். காலையில் தேடித் திரியும் அரை மணி நேரம் இதனால் மிஞ்சுகிறது.

நாளை வக்துகளைக் கொண்டே பகுத்திருக்கிறோம். சுபுஹுக்குப் பின் குர்ஆனில் புதிய பாடமும் பழைய பாடமும். காலை உணவுக்குப் பின் கணக்கும் மொழிப்பாடமும். இவை பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுவதால், நான் ஒருவரோடு அமர்ந்திருக்கையில் மற்றவர் தனியே எழுதுவார். பின்னர் இடம் மாறிக்கொள்வோம். லுஹருக்கு முன் அறிவியலோ வரலாறோ ஒன்றை எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். அஸருக்குப் பின் விளையாட்டு. அந்நேரத்தில் எந்தப் பாடமும் இல்லை. மஃரிபுக்குப் பின் அன்று படித்ததை வாப்பாவிடம் சொல்லிக் காட்ட வேண்டும்.

சிறியவனைப் பார்த்துக்கொள்வதும் பாத்திரம் ஒதுக்குவதும் ஒற்றைப்படைத் தேதிகளில் மகனுக்கு, இரட்டைப்படைத் தேதிகளில் மகளுக்கு. சண்டை வந்தால் நாள்காட்டி தீர்ப்புச் சொல்லும்.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். நடுவே கோடிட்டு ஒருபுறம் மகன், மறுபுறம் மகள். நடந்த பாடத்தை எழுதுவதோடு, நடக்காத பாடத்தையும் காரணத்தோடு எழுதுகிறோம். விருந்தினர் வந்தனர், காய்ச்சல், சிறியவன் அழுதான் என்று. நோட்டின் பயன் முழுவதும் அந்தக் காரணங்களில்தான் இருக்கிறது. ஒரே காரணம் ஒரே பிள்ளையின் பக்கத்தில் மூன்று முறை வந்தால் அது தற்செயல் அன்று. அது அவ்வீட்டின் வழக்கம். வியாழன் இரவு எண்ணிப் பார்க்கிறோம். வெள்ளிக்கிழமை விடுமுறை. ரமளானில் பாடங்களைப் பாதியாக்குகிறோம். அதையும் முன்கூட்டியே எழுதிவிடுகிறோம்.

அளவில் சிறியதாயினும் விடாது செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று நபியவர்கள் கூறியிருக்கிறார்கள். ஒருநாள் எட்டு மணி நேரம் கற்பித்து நான்கு நாள் ஓய்ந்திருப்பதைவிட, நாள்தோறும் மூன்று மணி நேரம் தவறாமல் நடப்பது மேல்.

தந்தையரிடம் ஒரு சொல்

இக்கட்டுரையின் கடைசிப் பகுதி, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் முடிவை எடுத்துவிட்டு அதன் நிறைவேற்றத்தை மனைவியின் தலையில் வைத்த தந்தையருக்கு உரியது. மூன்று வேளை சமைத்து, துணி துவைத்து, முதியோரைப் பேணி, கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் பள்ளிக்கூடமும் நடத்த வேண்டும் என்றால், அவள் பற்றிக்கொள்ளும் முதல் துணை அவளுடைய மகளாகத்தான் இருப்பாள். மகளின் நேரத்தைத் தாய் எடுத்துக்கொள்வதாக வெளியே தெரிகிறது. உண்மையில், தந்தை தராத நேரத்தையே மகள் தந்துகொண்டிருக்கிறாள்.

ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவர் என்று நாம் நம்புகிறோம். அந்த விசாரணையில் "வீட்டிலேயே கற்பித்தேன்" என்று சொன்னால் மட்டும் போதுமா? எத்தனை நாட்கள், யாருக்கு எவ்வளவு என்று கேட்கப்பட்டால் என்ன சொல்வோம்? இன்று இஷாவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, சென்ற வாரம் உங்கள் மகன் படித்ததையும் மகள் படித்ததையும் ஒரு தாளின் இருபுறமும் எழுதிப் பாருங்கள். எழுத இயலாவிட்டால் அதுவே உங்களுக்கான விடை. எழுதியபின் ஒருபுறம் வெறுமையாகக் கிடந்தால், நாளைக் காலை அவளை அடுக்களையிலிருந்து அழைத்து, அவளருகே அமருங்கள்.

எங்கள் வீட்டு நோட்டில் சென்ற மூன்று மாதக் கணக்கு: பாடம் நடந்த நாட்கள் 58, மகன் கணக்குப் போட்டது 50, மகள் 49. குறைந்த அந்த ஒரு நாளுக்கு என்ன காரணம் என்று மகளே வந்து கேட்டாள். அவள் கேட்கக் கற்றுக்கொண்டதையும் அன்றைய பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை அருள்வானாக. அவர்களிடையே நீதி செலுத்தும் பெற்றோராக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.