குழாய்க்குள் ஓடுவது என்ன?

கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் கண் முதலில் வரைபடத்தின்மேல் செல்கிறது. எத்தனை ஏக்கர் கிடைக்கும், எத்தனை கோடி செலவாகும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பவையே நாம் கேட்கும் கேள்விகள். சற்று விவரம் அறிந்தவர் கப்பலைப் பற்றிக் கேட்பார். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் குழாயைப் பற்றிக் கேட்பவர் அரியர். ஆனால், திட்டம் வெல்லுமா தோற்குமா என்பது பெரும்பாலும் அந்தக் குழாய்க்குள்ளேதான் முடிவாகிறது. குழாய்க்குள் ஓடுவது என்ன என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்; பொறியியல் பயில்வோருக்கு மட்டுமன்று, எல்லோருக்கும் வரவேண்டும் என்பதே என் கருத்து.

நான் வரலாற்று மாணவன். “உனக்கேன் ஐயா இந்தச் சேற்று வேலை?” என்று விடுதி நண்பர்கள் கேட்கக்கூடும். அதற்கு இந்த மும்பை நகரத்தின் வரலாறே விடை தருகிறது. அதற்குமுன் குழாயைச் சற்றுப் பார்ப்போம்.

தூர்வாரும் கப்பல்களுள் ஒருவகை, கடலின் அடியில் சுழலும் வெட்டுத்தலையை இறக்கி மண்ணைக் கிளறும். கிளறிய மண்ணை நீரோடு சேர்த்துப் பம்பு உறிஞ்சும். உறிஞ்சிய குழம்பைக் குழாய் வழியே கரைக்குத் தள்ளும். குழம்பு என்று சொன்னாலும் அதில் பெரும்பகுதி தண்ணீரே. மண்ணின் பங்கு, பருமனளவில், பெரும்பாலும் கால்வாசிக்கும் குறைவு. கரையில் கட்டிய அணைக்குள் குழம்பு பாயும்; மண் அடியில் தங்கும்; நீர் வழிந்து மீண்டும் கடலுக்குப் போகும். இதுவே கதைச் சுருக்கம்.

இந்தக் குழாய் முழுவதும் இரும்பாக இருந்தால் முடியாது. கப்பல் அலையில் ஆடும்; குழாயும் உடன் ஆடவேண்டும். ஆகவே கடலின்மேல் கிடக்கும் பகுதியில் தடித்த ரப்பர்க் குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி மிதக்க விடுகிறார்கள். இவற்றுள் சில, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு விட்டம் உள்ளவை. உட்புறம் மென்மையான ரப்பர்த் தோல். அதன்மேல் வலுவான கயிற்றிழை அடுக்குகள். வெளியே மிதப்பதற்கான நுரைப்பொருள் உறை. உட்தோலுக்கு இயற்கை ரப்பர் மிகவும் ஏற்றது என்பார்கள். குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் வடிகிற பாலின் இனம்தான் அது.

இரும்பைத் தேய்க்கும் மணலை ரப்பர் எப்படித் தாங்குகிறது? இரும்பு எதிர்த்து நிற்கிறது, ஆதலால் அறுபடுகிறது. ரப்பரோ மணல் வந்து மோதும்போது சற்றே குழிந்து கொடுத்து, பின்பு அதனைத் தள்ளிவிடுகிறது. ஆனால் வருவது உருண்டை மணலாக இல்லாமல் கூரிய பாறைத் துண்டாகவோ பவளக் கல்லாகவோ இருந்தால், இந்த மென்மையே பகையாகும். கல், ரப்பரைக் கத்திபோல் கிழித்துவிடும். அப்போது உள்ளே எஃகு வளையங்கள் பதித்த வேறுவகைக் குழாய் வேண்டும். ஆகவே, எந்த மண் வரப்போகிறது என்று முன்பே தெரியாமல் எந்தக் குழாய் வேண்டும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

அடுத்தது வேகம். வேகம் குறைந்தால் மணல் குழாயின் அடியில் படியும், படிந்தால் வழி குறுகும், கடைசியில் அடைத்துக்கொள்ளும். பெரிய குழாய்களில் மணலை ஓட்டுவதற்குச் சாதாரணமாக நொடிக்கு நான்கைந்து மீட்டர் வேகம் வேண்டியிருக்கிறது. அதற்காக வேகத்தை வேண்டுமட்டும் கூட்டிவிடலாமா? கூட்டினால் எண்ணெய்ச் செலவும் ஏறும். குழாயின் தேய்மானமும் விரைவாக ஏறும். தங்காமலும் தேயாமலும் ஓடுவதற்கான வேகம் மிகக் குறுகிய எல்லைக்குள்தான் இருக்கிறது. பிரான்சில் டியூராண்ட் என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். மணியின் பருமன், குழாயின் விட்டம், மண்ணின் கனம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் முறை அது. அங்கும் மண்ணை அறியாமல் கணக்கில்லை. களிமண்ணோ இந்தக் கணக்குக்கும் அடங்குவதில்லை. கட்டிகட்டியாக உருண்டு வந்து தொல்லை கொடுக்கும்.

நல்ல குழாய்களில் ஓர் ஏற்பாடு உண்டு. உட்தோலின் நடுவே வேறு நிறத்தில் ஓர் அடுக்கை வைத்திருப்பார்கள். மேல்தோல் தேய்ந்து அந்த நிறம் தென்பட்டால், குழாயை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். வெடித்துச் சேறு கடலில் கொட்டுவதற்கு முன்பே வரும் எச்சரிக்கை அது. நம் பெருந்திட்டங்களில் இப்படி ஓர் அடுக்கு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இனி வரலாற்றுக்கு வருவோம். மாலை வேளைகளில் நாம் காற்று வாங்கப் போகும் மரீன் டிரைவ் இருக்கும் இடம் ஒரு காலத்தில் கடல். 1920களில், லாயிட் பிரபு தொடங்கி வைத்த பேக்பே திட்டத்தின்படி, எட்டுப் பகுதிகளாக 1,145 ஏக்கர் கடலைத் தூர்ப்பது என்று முடிவாயிற்று. துறைமுகப் பக்கத்துக் கடலடியில் கிடக்கும் மண்ணைக் கிளறிக் குழாய் வழியாகக் கொலாபாவைக் கடந்து மேற்குக் கரைக்குத் தள்ளுவது என்பது ஏற்பாடு. அதற்கென்றே பெரிய கப்பல் ஒன்று வந்தது. அதற்குக் கவர்னரின் பெயரையே வைத்து ‘சர் ஜார்ஜ் லாயிட்’ என்று அழைத்தார்கள்.

காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. கடலடியில்தான் சரியாக இல்லை. மென்மையான சேறு என்று எண்ணிக் கணக்கிட்ட இடத்தில் இறுகிய களிமண் இருந்தது. மணிக்கு இவ்வளவு கனகெஜம் என்று போட்ட கணக்குக்கும் குழாயின் வாயில் வந்து விழுந்ததற்கும் பொருத்தமே இல்லை. போதாக்குறைக்கு, கல் அடுக்கி எழுப்பிய கடற்சுவரின் இடுக்குகள் வழியே, உள்ளே பாய்ச்சிய சேறு வெளியே கசிந்தது. ஒருபுறம் பணத்தைக் கொட்டிச் சேற்றை உள்ளே தள்ளுவது. மறுபுறம் அது கடலுக்கே திரும்பிப் போவது! மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான். ஊரார் இதற்கு ‘லாயிடின் மடமை’ என்று பெயர் வைத்தார்கள்.

இதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் யார்? பொறியாளர் அல்லர். குர்ஷெட் பிராம்ஜி நரிமன் என்ற வழக்கறிஞர். பம்பாய்ச் சட்டசபை உறுப்பினராக இருந்த அவர் கணக்கைக் கேட்டார். கேட்டதை விடாமல் கேட்டார். திட்டத்தில் பணிபுரிந்த பொறியாளர் ஒருவர் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார், நரிமன் விடுதலையானார். 1926இல் சர் கிரிம்வுட் மியர்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. விசுவேசுவரய்யா அதன் உறுப்பினர்களுள் ஒருவர். முடிவில், எட்டுப் பகுதிகளுள் நான்கோடு நிறுத்திக்கொண்டார்கள். குழாயால் நிரப்ப முடியாத இடத்தை நிரப்பக் கண்டிவலிக் குன்றுகளை வெட்டி ரயிலில் மண் கொண்டுவர வேண்டியதாயிற்று. கைவிட்ட பகுதிகளில் ஒரு பாகம் நாடு விடுதலை பெற்ற பின்பு நிலமாக்கப்பட்டது. அதில் எழுந்த பகுதிக்கு நரிமன் முனை என்று பெயர். கேள்வி கேட்டவரின் பெயரை நிலம் தாங்கி நிற்கிறது.

“அப்படியானால் கடலைத் தூர்க்கவே கூடாது என்கிறாயா?” என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஏழு தீவுகளை இணைத்து எழுந்த நகரத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது நகைப்புக்கு இடமாகும். “இவை நிபுணர்களின் வேலை, பாமரர் புகுந்தால் தடங்கல்தான் மிஞ்சும்” என்ற மற்றொரு வாதமும் உண்டு. அது முற்றும் பொய்யன்று. எதையும் அறியாமல் எல்லாவற்றையும் எதிர்ப்பவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். ஆயினும், பேக்பேயில் நிபுணர்களுக்குப் பஞ்சமா இருந்தது? இருந்தவர்கள் எல்லோரும் நிபுணர்களே. வெளியிலிருந்து ஒருவர் கேட்கும்வரையில் உள்ளிருந்தவர் கணக்குச் சபைக்கு வரவில்லை என்பதே அந்த வரலாறு. அறியாமல் எதிர்ப்பதற்கு மருந்து அறிந்து கேட்பதுதானே தவிர, வாய்மூடி இருப்பதன்று.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. இதே மகாராஷ்டிரக் கரையில், பால்கர் மாவட்டத்து வாதவனில், கடலுக்குள் 1,448 ஹெக்டேர் நிலத்தை உண்டாக்கிப் பெருந்துறைமுகம் அமைக்க 2024இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. மதிப்பீடு 76,220 கோடி ரூபாய். பேக்பேக்குத் திட்டமிட்ட பரப்பைப்போல் இது மூன்று மடங்கு. தூர்ப்பதற்கான மணலை டாமனுக்கு அப்பால் கடலடியிலிருந்து எடுப்பது என்பது திட்டம். டஹாணு வட்டச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் இவ்விடத்தில் துறைமுகம் கூடாது என்று 1998இல் சொன்னது. 2023இல் நிபந்தனைகளோடு இசைவு தந்தது. அக்கரையின் மீனவர்கள் ஆண்டுக்கணக்காக எதிர்த்து வந்திருக்கிறார்கள்.

துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நான்கு கேள்விகளுக்கு விடை எல்லோருக்கும் தெரியும்படி இருக்கவேண்டும். எடுக்கும் மண் எப்படிப்பட்டது, எத்தனை இடங்களில் துளையிட்டுப் பார்த்தார்கள்? நாளொன்றுக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கு எதன்மேல் நிற்கிறது? மணலை இழந்த கடலடியில் மீனும் இறாலும் என்னாகும்? குழாயிலிருந்து வழிந்து திரும்பும் கலங்கல் நீர் எந்தப் பக்கம் போகும், யாருடைய வலையில் போய்ப் படியும்? நான்காவது கேள்வியைப் பொறியாளரைவிட மீனவர்தாம் நன்றாகக் கேட்பார். நீரோட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர் வயிற்றோடு கலந்த அறிவு.

நம் கரையையும் நினைத்துப் பாருங்கள். சேதுக் கால்வாய் வேலை 2005 ஜூலையில் தொடங்கியது. 2007இல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஏறியபின் நாடெங்கும் ஒரே வாதம்: அது பாலமா, மணல்திட்டா? அந்த வாதத்தில் நம்மவர் காட்டிய சூட்டில் நூற்றில் ஒரு பங்கையாவது, தோண்டிய பள்ளத்தை ஆண்டுதோறும் எவ்வளவு மணல் வந்து மூடும், வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்ற கேள்விகளில் காட்டினோமா? ஆதரித்தவரும் எதிர்த்தவரும் பெரும்பாலும் வரைபடத்தின்மேல்தான் சண்டையிட்டார்கள். அகல உழுவதினும் ஆழ உழுவது மேல் என்று சொல்லி வளர்ந்த இனம் நாம். பழமொழியை ஏட்டில் விட்டுவிட்டோம்.

நம் மன்றத்தில் பொறியியல் பயில்வோர் இருக்கிறார்கள். சட்டம், விலங்கியல், பொருளாதாரம் பயில்வோரும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம். பொங்கல் விழா நடத்துகிறோம். இவ்வாண்டு ஒரு மாலையை இதற்கும் ஒதுக்குவோம். ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். அது பொதுமக்கள் பார்ப்பதற்கென்றே வெளியிடப்படுவது. மண் ஆய்வுப் பக்கத்தைப் பொறியியல் நண்பர் விளக்கட்டும்; மீன்வளப் பக்கத்தை விலங்கியல் நண்பர் விளக்கட்டும்; நிபந்தனைகளைச் சட்ட மாணவர் படித்துச் சொல்லட்டும். விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு உரியவர்களுக்கு எழுதிக் கேட்போம். விடை வந்தால் இம்மலரிலேயே அச்சிடுவோம்; வராவிட்டால் கேள்வியை அச்சிடுவோம்.

நாளை நம்மில் சிலர் துறைமுகங்களிலும் கப்பல்களிலும் வேலைக்குப் போவார்கள். சிலர் அரசு அலுவலகங்களில் கோப்புகளில் கையெழுத்திடுவார்கள். அப்போது உள்நிறம் தெரியத் தொடங்கிவிட்டது என்று வாய்திறந்து சொல்லும் துணிவு அவர்களுக்கு வேண்டும். அந்தத் துணிவுக்குப் பயிற்சி பெற இந்த மாணவப் பருவத்தைவிட நல்ல காலம் ஏது?