அப்டேட் வரட்டும்... எப்போது என்பதைப் பயன்படுத்துபவர் சொல்லட்டும்!

கணினி வைத்திருக்கும் பெரும்பாலானோருக்கு உலாவி அப்டேட் ஒரு பெரிய விஷயமே இல்லை. காலையில் குரோமைத் திறந்தால் ஏதோ ஒரு பட்டன் இடம் மாறியிருக்கும். கண் இரண்டு விநாடி தேடும், கண்டுபிடித்துவிடும். அதோடு சரி. ஆனால் திரையைக் காதால் படிப்பவருக்கு? அவர் வெளியே போயிருந்த நேரத்தில் யாரோ வந்து வீட்டுச் சாமான்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனது மாதிரி!

பார்வையற்றோர் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பான், திரையில் இருப்பதைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள். மவுஸ் தேவையில்லை, கீபோர்டே போதும். இணையப் பக்கத்தில் 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, 'கே' தட்டினால் அடுத்த சுட்டி. ஆனால் எது தலைப்பு, எது சுட்டி, எது எழுத வேண்டிய கட்டம் என்ற விவரத்தை உலாவிதான் திரைவாசிப்பானுக்குத் தர வேண்டும். இரண்டு மென்பொருள்களும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் திடீரென்று பாஷையை மாற்றினால் பக்கம் திறந்திருக்கும், குரல் திணறும்.

இது கற்பனை இல்லை. 2017 நவம்பர் 14 அன்று மொசில்லா ஃபயர்பாக்ஸ் 57ஐ வெளியிட்டது. 'குவாண்டம்' என்று பெயர், வேகம்தான் அதன் பெருமை. அந்த வேகத்துக்காக உள்ளமைப்பையே மாற்றியிருந்தார்கள். இணையப் பக்கங்கள் உலாவியின் மையப் பகுதியிலிருந்து பிரிந்து தனியே இயங்கின. முன்பு பக்கத்திலேயே இருந்து வாங்கிய விவரத்தைத் திரைவாசிப்பான் இப்போது சுவருக்கு அப்பால் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. மற்றவர்களுக்கு வேகம் கூடிய அதே பதிப்பில் பார்வையற்றோருக்கு வேகம் குறைந்தது. விலை கொடுத்து வாங்கும் 'ஜாஸ்' திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் பழைய 52ஆம் எண் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கே போய்விடுங்கள் என்று மொசில்லாவே சொல்ல நேர்ந்தது. தானாக அப்டேட் ஆகிவிட்ட பிறகு அந்த அறிவுரையைப் படிப்பதற்கும் ஓர் உலாவி வேண்டுமே!

அப்படியானால் அப்டேட்டையே நிறுத்திவிடலாமா? பலர் சொல்லும் தீர்வு இதுதான். இது சரியல்ல. பழைய உலாவியில் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். வங்கிக் கணக்கையும் ஆதாரையும் அதன் வழியாகத் திறப்பது, பூட்டாத வீட்டில் நகையை வைப்பதற்குச் சமம். இன்னொன்றும் உண்டு. 2023 மே மாதம் வந்த ஃபயர்பாக்ஸ் 113இல் திரைவாசிப்பானுக்கு விவரம் தரும் பகுதி முழுவதும் புதிதாக எழுதப்பட்டு, வேகம் நன்றாகவே கூடியது. அந்த வேலையில் முக்கியப் பங்கு வகித்தவர் ஜேம்ஸ் டே. 2006இல் மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் என்விடிஏவை அவரோடு சேர்ந்து வளர்த்தவர். இருவருமே பார்வையற்றவர்கள். 2017க்குப் பயந்து அப்டேட்டை மூடி வைத்தவருக்கு இந்தப் பலன் எப்படி வந்து சேரும்?

ஆக, அப்டேட் தேவைதான். அது எந்த நாளில் நடக்க வேண்டும் என்ற முடிவு மட்டும் பயன்படுத்துபவர் கையில் இருக்க வேண்டும். வழிகள் இருக்கவே இருக்கின்றன.

1. கணினியில் எப்போதும் இரண்டு உலாவிகள் இருக்கட்டும். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

2. அதில் ஒன்று ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பாக இருப்பது நல்லது. பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வரும். பெரிய மாற்றம் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான்.

3. உலாவியையும் திரைவாசிப்பானையும் ஒரே நாளில் அப்டேட் செய்யக் கூடாது. கோளாறு எதில் என்றே தெரியாமல் போய்விடும்.

4. என்விடிஏவின் ஒரு நகலைப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். அதற்கான வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது.

சொந்தக் கணினி உள்ளவருக்கு இது போதும். புதுக்கோட்டை மாவட்டம் போன்ற இடங்களில் பிரச்சினை இதோடு முடிவதில்லை. அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ இருக்கும் ஒரு பார்வையற்ற மாணவர் கல்லூரிக் கணினி அறையையோ பிரவுசிங் சென்டரையோ நம்பியிருந்தால் அப்டேட் பட்டன் இன்னொருவர் கையில். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள் என்றிருக்கும்போது இன்று உலாவி மாறி, குரல் திணறினால் என்ன செய்வார்? பக்கத்தில் இருப்பவரிடம் கடவுச்சொல்லைச் சொல்லி, "கொஞ்சம் நிரப்பித் தாங்க" என்று கேட்க வேண்டும். தானே செய்யக்கூடிய ஒருவரை மறுபடியும் அடுத்தவர் தயவில் நிறுத்துவது இது.

இந்த மாவட்டத்துக்கு இந்த விஷயத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு சக்கரம் மட்டுமா? கொண்டுபோய் விட அண்ணனோ கணவரோ வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்ற நிலையும் கிடைத்தது. தன் நேரம் தன் கையில்! திரைவாசிப்பானும் பார்வையற்றோருக்கு அப்படி ஒரு சைக்கிள்தான்.

கணினி அறையைப் பார்த்துக்கொள்பவர்கள் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் இல்லை. ஒரே ஒரு கணினியில் முதலில் அப்டேட் செய்து, திரைவாசிப்பான் பயன்படுத்துபவரையே சோதிக்கச் சொல்லலாம். அவர் சரி என்ற பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். தேர்வு, விண்ணப்ப நாட்களில் தள்ளிப்போடலாம். "ஒருத்தருக்காக இவ்வளவா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த ஒருவருக்கு அது சலுகை அல்ல, உரிமை.

அடுத்த முறை 'அப்டேட்' பட்டனை அழுத்தும் முன், அந்தக் கணினியைக் காதால் படிப்பவர் யாராவது இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்!