புக்கிட் செராக்கா: மந்திரி பெசாருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சிலாங்கூர் மந்திரி பெசார் டத்தோ ஸ்ரீ அமிருடின் ஷாரி அவர்களுக்கு,

நான் கிள்ளான்காரன். விடுமுறை நாட்களில் செத்தியா ஆலம் ஓரத்துப் புக்கிட் செராக்கா காட்டில் கன்று நடவும் பாதை துப்புரவு செய்யவும் போகிற தொண்டர்களில் ஒருவன். எந்தச் சங்கத்தின் சார்பிலும் இதை எழுதவில்லை. இந்தக் காட்டுக்காக மனு கொடுத்தோம், கையெழுத்து திரட்டினோம், வரவேற்பறைகளில் காத்திருந்தோம். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. ஆகவே எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வனச் சட்டம் தங்களுக்குத் தெரியும். அதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஓர் அரசிதழ் அறிவிப்பைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2022 மே 5 தேதியிட்ட அறிவிப்பு அது. 1909 முதல் வனக் காப்பகமாக இருந்துவரும் புக்கிட் செராக்காவிலிருந்து 406.22 ஹெக்டர் நீக்கப்படுகிறது என்கிறது. நீக்கம் எந்த நாளிலிருந்து நடப்புக்கு வருகிறது? 2000 நவம்பர் 20. இருபத்தொரு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிப் போகிறது தேதி. அப்போதே எடுத்த முடிவு, இப்போதுதான் பதிவாகிறது என்று விளக்கம் சொல்லப்பட்டது. காட்டை நீக்குமுன் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சிலாங்கூர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு 2000-இல் கிடையாது. அது பின்னால் வந்தது. தேதி அதற்கும் முன்னால் போய்விட்டது. மக்களைக் கேட்கும் வேலையும் அத்தோடு போய்விட்டது.

இந்தக் காட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் யார் என்று தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வருகிறார். இளங்கன்றைச் சுற்றி நெரிக்கும் கொடியை அவர் பிடித்து இழுக்க மாட்டார். இழுத்தால் கன்றின் நுனி முறியும். கொடியின் அடியை மட்டும் சின்னக் கத்தரியால் நறுக்கிவிட்டு மேலே சுற்றியிருப்பதை அப்படியே காய விடுவார். அடுத்த தடவை வரும்போது காய்ந்த சுருளை விரலால் உதிர்ப்பார். எங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். போர்ட் கிள்ளானில் லாரி ஓட்டுகிற ஒருவர் இரவு வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வருவார். மழை இல்லாத வாரங்களில் மேட்டுக்குத் தண்ணீர் சுமப்பவர் அவர். ஊசித்துளை போட்ட போத்தலைக் கன்றின் பக்கத்தில் தலைகீழாகக் குத்திவைப்பார். சொட்டுச் சொட்டாக இறங்கும். லாலாங் புல் வெட்டிக் கை கிழிந்தவர்கள், அட்டைக் கடியோடு பஸ் ஏறுகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து மரத்தின் பெயர் சொல்லிக் கொடுப்பவர்கள் என்று இன்னும் எத்தனையோ பேர். இவர்களின் சிறு சங்கங்கள் சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதி இல்லாதவை. கைக்காசும் கோத்தோங் ரோயோங்கும்தான் அவற்றின் முதல்.

இவர்கள் நட்டதெல்லாம் அந்த 2000 நவம்பருக்குப் பிறகு. அத்தனை ஆண்டுகளும் அரசிதழின்படியே அது வனக் காப்பகம்தான். காப்பகம் என்று நம்பித்தான் கன்று வைத்தார்கள். ஒரு காலை விடிந்ததும், இவர்கள் காலூன்றிய நிலம் 2000 முதலே காப்பகம் இல்லை என்று ஆகிவிட்டது. நடந்துபோன காலத்தையே மாற்றி எழுதும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் எங்கள் தாத்தா பாட்டிகளுக்கு லயத்து வாசலில் நோட்டீஸ் வந்தது. அது கொடுமைதான். ஆனால் அதில் போட்டிருந்த தேதி இனி வரப்போகிற தேதி. சட்டி பானையைக் கட்டவும், கோவில் சாமியை எங்கே கொண்டுபோவது என்று கூடிப் பேசவும் நாள் இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

மக்களைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதைக் கோல லங்காட் உத்தாராவில் பார்த்தீர்கள். 2020-இல் அந்தக் கரிச்சதுப்புக் காட்டை நீக்க அறிவிப்பு வந்தபோது, அங்கே வாழும் தெமுவான் பூர்வகுடி மக்களோடு சேர்ந்து 45,000-க்கும் மேற்பட்டோர் ஆட்சேபம் எழுதினார்கள். அப்படியும் 2021 மே மாதம் பாதிக்கு மேல் நீக்கினீர்கள். எதிர்ப்பு அடங்கவில்லை. செப்டம்பர் 8-ஆம் தேதி நீக்கத்தை ரத்து செய்வதாக நீங்களே அறிவித்தீர்கள். அன்று உங்களை வாழ்த்தியவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு டிசம்பர் 18-இல் வெள்ளம் வந்தது. தாமான் ஸ்ரீ மூடாவில் நம்மவர்கள் கூரை மேல் ஏறிப் படகுக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்த வெள்ளத்தைப் புக்கிட் செராக்கா தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுச் சுவரில் சேற்றுக் கோடு அழியாத மக்களிடம், மழைநீரைக் குடிக்கிற நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? அடுத்த மே மாதமே இந்த அறிவிப்பு. கோல லங்காட்டில் மக்கள் பேசினார்கள், நீங்கள் தோற்றீர்கள். இங்கே அவர்களைப் பேசவே விடவில்லை.

இந்த அறிவிப்பை எதிர்த்து ஷா ஆலம் சமூகக் காட்டுச் சங்கமும் பெக்கா என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று. கன்றுக்கும் மண்வெட்டிக்கும் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு வழக்கு என்றால் என்ன சுமை என்று உங்களுக்குத் தெரியுமா? மரம் நடுகிற கைகளை வழக்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வைத்தது உங்கள் நிர்வாகம். அவர்கள் செய்த குற்றம் என்ன? உங்கள் வனத்தைத் தங்கள் வீடுபோல் பார்த்துக்கொண்டதா?

சட்டப்படி சரி என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். அந்த ஆசிரியையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர். தேதியை மாற்றிப் போட்ட ஒரு மாணவனின் விடுப்புக் கடிதத்தைக்கூட அவர் ஏற்றிருக்க மாட்டார்.

2000-இல் முடிவெடுத்ததாகச் சொல்லும் அந்தக் காகிதத்தையும், அதோடு இணைந்த வரைபடத்தையும் மக்கள் பார்வைக்கு வையுங்கள். 406.22 ஹெக்டரில் இன்னும் காடாக நிற்பதை மீண்டும் காப்பகத்தில் சேருங்கள். நடத்தாமல் விட்ட பொது விசாரணையை இப்போதாவது நடத்துங்கள், நீங்களே வந்து உட்காருங்கள். அதை வேலை நாள் பகலில் வைக்காதீர்கள். இவர்களில் பலர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள்.

இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து ஒரு தொண்டன்