ஹோம் தியேட்டரின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்ப்போம்



ஒரு கேபிளுக்காக இவ்வளவு நீளப் பதிவா என்று சிலர் கேட்பீர்கள். கடைசிவரை வாசித்துவிட்டுக் கேளுங்கள், பதில் சொல்கிறோம்.

எங்கள் ஊரில் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர் வருகிறார்கள். இடம் ஒரு தகரக் கூரை மண்டபம். சோளகம் எழும்பினால் மன்னாரில் தகரக் கூரை என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. இந்தக் காற்றை நம்பித்தானே தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நட்டு, 2020 இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள்!

அந்தக் காற்றுக்குள்ளேதான் நாங்கள் லெப்டொப்பை வைத்து ஆங்கிலம் கேட்கப் பழக்கினோம். மேசையில் லெப்டொப், அதைச் சுற்றி முப்பத்தெட்டுப் பிள்ளைகள். லெப்டொப்பின் ஸ்பீக்கர் நகக்கண் அளவு. முன்வரிசைக்குக் கேட்கும், மூன்றாவது வரிசைக்கு ஏதோ இரைச்சல் வரும், அதற்குப் பின்னால் கூரைச் சத்தம் மட்டும்தான். கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னால் பின்வரிசைப் பிள்ளைகள் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள்.

அதில் ஒரு பிள்ளையை நாங்கள் அடிக்கடி ஏசினோம். கெட்டிக்காரி. வாசிப்பாள், எழுதுவாள். ஆனால் கேட்டல் பயிற்சி வந்தால் மட்டும் எப்போதும் அடுத்தவளின் கொப்பி. "கவனம் இல்லை" என்று அவளுடைய உம்மாவிடமும் சொல்லிவிட்டோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறோம்.

ஸ்பீக்கர் செட் ஒன்று வாங்க வேண்டும் என்று பேச்சு வந்தது. நல்ல செட்டின் விலையைக் கேட்டபோது வாயடைத்துப் போனோம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிப் போனதன் பிறகு இலத்திரனியல் பொருளின் விலை எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் வசூல் செய்வோமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் கேட்டார், "ஊரில் எத்தனை வீட்டில் ஹோம் தியேட்டர் இருக்கிறது?"

எண்ணத் தொடங்கினோம். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்து வீடு. சவூதி, கட்டார், குவைத் என்று போனவர்கள் அனுப்பியது, அல்லது லீவில் வரும்போது கொண்டுவந்தது. ஹோலில் ஷோகேஸுக்குப் பக்கத்தில் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருக்கிறோம். பெருநாளைக்கு ஒருமுறை, கல்யாணத்துக்கு ஒருமுறை துணி விலகும். மற்ற நாளெல்லாம் அது தூங்கும்.

இப்படி மூடி வைப்பதை நாங்கள் கேலி செய்யவில்லை. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1990 ஒக்டோபரில் இந்தத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டபோது வீடும் வீட்டுச் சாமானும் விட்டுவிட்டு, கல்பிட்டிப் பக்கம் படகேறிய ஜனங்கள் நாம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்து வளர்ந்தவர்கள் எங்கள் வயதுக்காரர்கள். ஒரு பொருள் வீட்டில் நிலையாக இருக்கிறது என்பதே நம் உம்மாமாருக்குப் பெரிய ஆறுதல். அதைத் தொடாமல், தூசு படாமல் வைத்திருப்பது அவர்கள் காட்டும் மரியாதை. அந்தப் பெட்டியை வாங்க வாப்பாவோ மாப்பிள்ளையோ எத்தனை மணித்தியாலம் வெயிலில் நின்றார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நாங்கள் கேட்பது, அந்த உழைப்புக்குத் துணி போட்டு மூடுவது மட்டும்தான் மரியாதையா?

ஒரு ராத்தா தன் வீட்டுச் செட்டைத் தரச் சம்மதித்தார். மாப்பிள்ளை பதினொரு வருடமாகக் கட்டாரில். "அவர் வந்தால்தான் அது ஓடும் சேர், நான் கை வைக்கிறதில்லை. வயர் மாறினால் எரிந்துபோகும் என்று பயம்" என்றார். நாங்கள் தைரியமாக, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். வந்த பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கும் ஒன்றும் தெரியாது என்று. கல்வியியற் கல்லூரியில் கற்பித்தல் துணைச் சாதனம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பாஸ் பண்ணியவர்கள் நாங்கள்.

ஒரு கடையில் கேட்டோம். எச்.டி.எம்.ஐ கேபிள் தந்தார்கள். இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தியது, சத்தம் மட்டும் வரவில்லை. திரும்பப் போனோம். "இதற்குக் கன்வேர்ட்டர் போட வேண்டும்" என்று பல ஆயிரம் ரூபா சொன்னார்கள். அன்று வகுப்பில் செட்டைத் திருப்பி வைத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தபோது, தரம் 10 பிள்ளை ஒன்று குனிந்து பின்பக்கத்தை வாசித்தது. "சேர், கேபிள் குத்திய ஓட்டையில் 'அவுட்' என்று இருக்கே. வெளியே போகிற வழியால் எப்படி உள்ளே வரும்?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவின் பாதி. செட்டில் இருந்த எச்.டி.எம்.ஐ, படத்தை டிவிக்கு அனுப்புவதற்கானது. லெப்டொப்பில் இருப்பதும் அனுப்புவதற்கானதுதான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தால் யார் கேட்பது? அந்தப் பிள்ளை விரலை நகர்த்தி இன்னும் இரண்டு ஓட்டைகளைக் காட்டியது. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. மேலே 'ஓக்ஸ் இன்' என்று எழுதியிருந்தது. அதற்குரிய கேபிளின் விலை ஒரு புரியாணிப் பார்சலின் விலைகூட இல்லை.

இனி, உங்கள் வீட்டில் இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்காக விளக்கமாகச் சொல்கிறோம்.

1. வாங்க வேண்டியது: ஒரு முனையில் ஹெட்போனுக்குப் போடும் சின்ன ஊசி (3.5 மில்லிமீற்றர்), மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு தலை உள்ள கேபிள். கடையில் "த்ரீ பொயின்ட் ஃபைவ் டு ஆர்.சி.ஏ" என்று கேளுங்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. மஞ்சள் தலை இருந்தால் அது படத்துக்கானது, இந்த வேலைக்குத் தேவையில்லை. சில செட்டில் ஓக்ஸ் ஓட்டையும் ஹெட்போன் ஓட்டை மாதிரியே சின்னதாக இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் ஊசி உள்ள கேபிள் போதும்.

2. குத்துவதற்கு முன் செட்டை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது குத்தினால் "டப்" என்று அடித்து ஸ்பீக்கர் பழுதாகலாம். ஊசியை லெப்டொப்பின் ஹெட்போன் ஓட்டையில் போடுங்கள். மைக் ஓட்டை தனியாக இருந்தால் அதில் போடவேண்டாம். சிவப்பு வெள்ளைத் தலைகளை 'இன்' என்று எழுதிய இடத்தில் மட்டும் போடுங்கள்.

3. ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'ஃபங்ஷன்' பட்டனை அமர்த்தி ஓக்ஸுக்குக் கொண்டுவாருங்கள். பாதிப் பேர் தவறவிடுவது இதைத்தான். செட் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருக்கும், நாம் கேபிள் பழுது என்று நினைப்போம். லெப்டொப்பிலும் கீழே வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தை அமர்த்தி, சத்தம் எந்த வழியால் போகிறது என்று பாருங்கள்.

4. லெப்டொப்பின் சத்தத்தை முக்கால் அளவில் வையுங்கள். செட்டின் சத்தத்தைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். லெப்டொப்பை முழுதாகக் கூட்டினால் குரல் கரகரக்கும்.

5. "ஹ்ம்ம்" என்று ஓயாத இரைச்சல் வந்தால் லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். அதற்காக யாரும் புளக்கின் ஏர்த் காலை வெட்டவோ கழற்றவோ வேண்டாம். அந்தக் கால் உயிருக்குக் காவல்.

6. இது கடற்கரை. உப்புக்காற்றில் ஊசி பச்சை பூத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஊசியைக் காய்ந்த துணியால் துடைத்து, ஓட்டைக்குள் நாலைந்து தரம் போட்டெடுங்கள். வேலை முடிந்ததும் கேபிளைச் சுருட்டிப் பைக்குள் வையுங்கள்.

படமும் வேண்டுமென்றால், லெப்டொப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ கேபிளை டிவிக்குக் கொடுங்கள். அப்போது சத்தமும் டிவிக்கே போய்விடும். டிவியிலும் செட்டிலும் எச்.டி.எம்.ஐ ஓட்டைக்கு மேல் 'ஏ.ஆர்.சி' என்று எழுதியிருந்தால், அந்த இரண்டையும் இணைத்து சத்தத்தைச் செட்டுக்குத் திருப்பி எடுக்கலாம். 2009 இலிருந்துதான் இந்த வசதி வந்தது, ஆகவே பழைய செட்டில் இருக்காது. இல்லாவிட்டால் கவலை வேண்டாம். படம் டிவிக்கு, சத்தம் ஓக்ஸ் கேபிளால் செட்டுக்கு என்று பிரித்துக் கொடுத்து, லெப்டொப்பில் சத்தம் போகும் வழியை ஹெட்போனுக்கு மாற்றிவிடுங்கள்.

புளூடூத் போதாதா என்று இளம் தம்பிமார் கேட்பார்கள். இருந்தால் நல்லது. ஆனால் பழைய செட்டில் இல்லை. இருக்கும் செட்டிலும் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், வாய் ஒரு பக்கம் வார்த்தை ஒரு பக்கமாக நிற்கும். கேபிளில் அந்தக் கரைச்சல் இல்லை. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தக் கேபிளால் இரண்டு வழிச் சத்தம்தான் வரும், சினிமாத் தியேட்டர் மாதிரி ஐந்து பக்கமும் பிரிந்து வராது. பாடம் கேட்க இரண்டே தாராளம்.

ஒரு சுவையான செய்தி. இந்தச் சிவப்பு வெள்ளைத் தலை 1930களில் அமெரிக்காவில் வந்தது. இசைத்தட்டுப் பெட்டியை வானொலிப் பெட்டியோடு இணைத்து, வானொலியின் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பதற்காகச் செய்தார்கள். அதாவது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பெட்டியின் குரலை இன்னொரு பெட்டிக்குக் கடன் கொடுக்கத்தான் அது பிறந்ததே. நம் பக்கத்து ஜனங்களும் சளைத்தவர்களா? யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாத வடக்கில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். கையில் இருப்பதை வைத்துக் காரியம் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. கையில் பொருள் கூடியபோது அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி அந்தப் பிள்ளையிடம் வருவோம்.

செட்டை இணைத்த முதல் நாள், இரண்டு ஸ்பீக்கரை முன்னுக்கும் இரண்டைப் பின்சுவரிலும் வைத்தோம். அதே பயிற்சி. அதே காற்று. விடை எழுதச் சொன்னோம். அவள் பக்கத்துக் கொப்பியைப் பார்க்கவில்லை. பத்துக்கு ஒன்பது.

அவளுக்கு இத்தனை நாளும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். நாங்கள் ஏசியபோதும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். பிறகு உம்மாவிடம் பேசி, வைத்தியசாலையில் காது காட்டச் சொன்னோம். ஒரு காதில் குறை இருப்பது அங்கேதான் தெரியவந்தது. வைத்தியம் நடக்கிறது, துஆச் செய்யுங்கள். நாங்கள் மூன்று பேரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் ஆசிரியருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவெடுக்க முன், அவளுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள் என்பதை மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொள்கிறோம்.

பெரியவர்கள் சிலர் எங்களிடம் வந்து, "வகுப்புக்குள் ஹோம் தியேட்டரைக் கொண்டுவந்தால் நாளைக்குப் படம் ஓடும், பாட்டு ஓடும்" என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. கல்யாண வீட்டுச் சத்தத்தில் நோயாளிகள் பட்ட பாட்டை நாமும் பார்த்திருக்கிறோம். ஆகவே சட்டம் போட்டோம். பாங்கு சொல்ல முன் நிறுத்துவது. வாசலுக்கு வெளியே சத்தம் கேட்டால் குறைப்பது. ஆசிரியர் இல்லாதபோது செட்டைப் போடுவதில்லை. இதுவரை ஒரு முறைப்பாடும் வரவில்லை. படம் பார்க்க நினைப்பவனுக்கு அவன் சட்டைப்பைக்குள் இருக்கும் போனே போதும், அதற்கு அவன் எங்கள் ஆங்கில வகுப்புக்கு வரவேண்டியதில்லை.

ஊராரிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ பாடசாலைக்கோ சவுண்ட் செட் என்று வசூல் தொடங்க முன், வீடுகளில் தூங்குவது எத்தனை என்று கணக்கெடுப்போம். பரீட்சைக் காலத்தில் மூன்று மாதம் கடன் கொடுத்தால் போதும். எழுதி வாங்கி, எழுதித் திருப்பித் தருவோம்.

இரண்டு, வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, அடுத்த செட்டை அனுப்ப முன் இருக்கும் செட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கேபிள் போதுமானதாக இருக்கலாம்.

மூன்று, இதுதான் முக்கியம். இந்த வேலையை மகள்களுக்கும் பழக்குங்கள். "வயரில் கை வைக்காதே" என்று பொம்பிளைப் பிள்ளையிடமும், "இதைக் கொஞ்சம் மாட்டு" என்று ஆம்பிளைப் பிள்ளையிடமும் சொல்லித்தான் வளர்க்கிறோம். எங்கள் மண்டபத்தில் மூன்று ஆசிரியர்களும் ஒரு கடைக்காரரும் பார்க்காததைப் பார்த்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை. அவள் செய்தது, எழுதியிருந்ததை வாசித்தது மட்டும்தான்.

செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ராத்தாவுக்கும் அதை மாட்டப் பழக்கிவிட்டு வந்தோம். முதல் தரம் கை நடுங்கியது. இரண்டாம் தரம் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். சென்ற வெள்ளிக்கிழமை மகனின் லெப்டொப்பில் மாப்பிள்ளையோடு பேசும்போது கேபிளைக் குத்தியிருக்கிறார். பதினொரு வருடமாகப் போனுக்குள் சின்னதாகக் கேட்ட குரல், அவர் வாங்கி அனுப்பிய பெட்டியிலிருந்து ஹோல் முழுக்கக் கேட்டிருக்கிறது. காது மந்தமான மாமி, "மகன் வந்திட்டானா?" என்று குசினியிலிருந்து எழும்பி வந்தாராம்.

உங்கள் வீட்டுச் செட்டின் துணியை விலக்கி, பின்பக்கத்தைப் படமெடுத்துக் கீழே போடுங்கள். எந்தக் கேபிள் என்று நாங்கள் சொல்கிறோம். எங்களுக்குத் தெரியாவிட்டால் அந்தத் தரம் 10 பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறோம்.